புகையான் பூச்சியைப் படம் பிடித்து அறியும் முறை

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் ஆகிய இரு போகங்களிலும் நெல்லைப் பீடிக்கும் பூச்சிகளுள் புகையான் மிகக் கொடியது. தூரின் அடியில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, இது கூட்டங் கூட்டமாக அமர்ந்து சாற்றை உறிஞ்சுகிறது. வரப்பில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. வயலின் நடுவே பயிர் வட்ட வட்டமாகத் தீய்ந்தாற்போல் காய்ந்த பின்னரே பலர் விழித்துக்கொள்கின்றனர். காய்ந்த பயிர் எம்மருந்தாலும் மீள்வதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. தூரடியில் ஏதோ சிறு பூச்சி தென்பட்ட மாத்திரத்திலேயே மருந்து தெளிப்பதே அது. அங்கே காணப்படுவன யாவும் புகையான் அல்ல. புகையானின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உறிஞ்சி வாழும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் அதே தூரில் அதே வேளையில் ஓடித் திரியும். இரண்டும் ஒரு நெல்மணியினும் சிறியவை. எனவே தெளிப்பதற்கு முன், பூச்சி இன்னதென்று நிச்சயித்துக்கொள்வது இன்றியமையாதது. கைபேசியுடன் இணைக்கத்தக்க சிறு டிஜிட்டல் நுண்ணோக்கி இவ்வேலையை எளிதாக்குகிறது.

அடையாளம் தவறினால் நேரும் நஷ்டம்

புகையான் தன் முட்டைகளை இலையுறையின் உட்புறத்தில் செருகி வைக்கிறது. ஆகவே மேலே தெளிக்கும் மருந்து பெரும்பாலும் முட்டைகளைத் தாக்குவதில்லை. வெளியே திரியும் நாவாய்ப்பூச்சியும் சிலந்தியுமே மடிகின்றன. சில நாட்களில் முட்டைகள் பொரிக்கும்போது அக்குஞ்சுகளைத் தின்பார் இல்லை. அவை ஐந்து முறை சட்டை உரித்துப் பெரிதாகி, முன்னிலும் பன்மடங்காகப் பெருகுகின்றன. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தெளித்த வயல்களில் இவ்வாறு புகையான் மீண்டும் பெருகுவது ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டுள்ளது.

மேற்கு மலைக்கு அப்பால் கேரளத்தில் 1973–74-ஆம் ஆண்டுகளில் இப்பூச்சியால் பெருஞ்சேதம் விளைந்தது. இந்தோனேசியாவில் மருந்துகளை மிதமிஞ்சி உபயோகித்ததாலேயே புகையான் பெருகியது என்று கண்ட அந்நாட்டு அரசாங்கம், 1986-ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்கு உபயோகிக்கலாகாதென்று தடை விதித்தது.

கருவி

இந்நுண்ணோக்கி ஒரு தடித்த பேனா அளவே உள்ளது. அதன் முனையில் வில்லையும், வில்லையைச் சுற்றிச் சிறு எல்.இ.டி. விளக்குகளும் உண்டு. சில வகைகள் வயர் மூலமாகவும், சில வைஃபை மூலமாகவும் கைபேசியில் படத்தைக் காட்டும். வாங்குமுன், தம் கைபேசியுடன் அது இணைகிறதா என்று பார்த்துக்கொள்வது நலம்.

பெட்டியின் மேல் ஆயிரம் மடங்கு பெருக்கும் என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கலாகாது. பூச்சியை அறிய இருபது முதல் ஐம்பது மடங்கே போதுமானது. பெருக்கம் கூடக்கூட உறுப்புகளில் ஒரு சிறு பகுதியே தெளிவாய்த் தெரியும். கை நடுக்கமும் பெரிதாகத் தோன்றும். ஆகையால் அதிகப் பெருக்கத்தைக் காட்டிலும் அசையாத தாங்கியே முக்கியமானது.

படம் எடுக்கும் முறை

வயலில் காற்று வீசும்போது படம் தெளிவாக அமையாது. எனவே வெள்ளைத் தட்டு ஒன்றைத் தூரடியில் பிடித்துக் குத்தைத் தட்டி, விழும் பூச்சிகளைச் சிறு கண்ணாடிக் குப்பியில் சேர்த்து, பம்பு செட்டு அறையிலோ வீட்டுத் திண்ணையிலோ வைத்துப் படம் எடுக்க வேண்டும். குப்பியைச் சில நிமிஷம் பனிக்கட்டியின் மேல் வைத்தால் பூச்சிகள் மயங்கி அசையாதிருக்கும்.

பூச்சியை வெள்ளைக் காகிதத்தின்மேல் இட்டு, அதன் அருகில் மில்லிமீட்டர் கோடிட்ட அளவுகோல் ஒன்றை வைத்து, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். கைபேசித் திரையில் எப்பூச்சியையும் எவ்வளவு பெரிதாகவும் காட்டலாம். அளவுகோல் உடனிருந்தால்தான் உண்மைப் பருமன் விளங்கும். விளக்கொளி இறகில் பட்டுக் கூசினால், விளக்குகளின் முன் மெல்லிய வெண்தாளைச் சுற்றினால் ஒளி பரவலாக விழும். மேற்புறம், பக்கம், வயிற்றுப்புறம் ஆகிய மூன்று நிலைகளிலும், ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி நான்கைந்து படங்களும் எடுத்து, தெளிவானதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். பூச்சியை ஆல்கஹாலில் இட்டால் நிறம் மங்கிவிடும். ஆகவே படம் எடுத்த பின்னரே அதிலிட்டுப் பத்திரப்படுத்தலாம்.

படத்தில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, உணர்கொம்பு. புகையானுக்கு இது கண்ணின் கீழே மிகக் குட்டையாய், நுனியில் மயிர் போன்ற இழையுடன் இருக்கும். நாவாய்ப்பூச்சிக்கோ மெல்லியதாய், நீண்டு, கணுக்களுடன் முன்னோக்கி நிற்கும். குஞ்சுப் பருவத்திலும் இவ்வேற்றுமை தெரியும்.

இரண்டாவது, பின்னங்கால். புகையானின் பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதியின் நுனியில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று உண்டு. பச்சைத் தத்துப்பூச்சிக்கு அது இல்லை. அதற்குப் பதிலாகக் கால் நெடுகச் சிறு முட்கள் வரிசையாய் இருக்கும்.

மூன்றாவது, நிறம். வளர்ந்த புகையான் பழுப்பு நிறமுடையது; அதன் இளங்குஞ்சு வெண்மையானது. நாவாய்ப்பூச்சி பச்சை நிறமும் தலைப்புறத்தில் கருமையும் உடையது. நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. முதலிரண்டு அடையாளங்களுடன் சேர்த்தே கொள்ள வேண்டும்.

கணக்கும் நடவடிக்கையும்

படம் பூச்சியின் பெயரைச் சொல்லும், தொகையைச் சொல்லாது. ஆதலால் வயலின் பல இடங்களில் குத்துகளைப் பிரித்துப் பார்த்து எண்ண வேண்டும். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையானும், குத்துக்கு ஒரு சிலந்தி வீதம் உள்ள வயலில் தூருக்கு இரண்டு புகையானும் என்பதே நடவடிக்கைக்குரிய எல்லை. அதற்குக் குறைந்தால், தேங்கிய நீரை வடித்து வயலைக் காயவிடுவதும், தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் இடாமல் பகிர்ந்து இடுவதும் போதும். அடுத்த போகத்தில் நடும்போது எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டால் தூரடியில் வெயிலும் காற்றும் புகுந்து பூச்சியின் பெருக்கம் தணியும்.

நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் முதலியவற்றின் கீழ் வயல்கள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. நெடுஞ்சிறகு முளைத்த புகையான் ஒருவர் வயலிலிருந்து மற்றவர் வயலுக்குப் பறந்து செல்லும். எனவே இது தனியொருவர் காரியமன்று. ஊருக்கு ஒரு கருவி இருந்தாலே போதும். கிராம உத்தியோகஸ்தர்கள் ஒவ்வொரு படத்துடனும் தேதி, ஊர், சர்வே எண், நெல் ரகம், நட்ட நாள், தூருக்குக் கண்ட பூச்சித் தொகை ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். சந்தேகமுள்ள படங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற்கோ, அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்திற்கோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கோ காட்டித் தெளிந்துகொள்ளலாம்.

நடவு முடிந்த மூன்றாம் வாரம் முதல் வாரம் ஒருமுறை இவ்வாறு தூரடியைப் பார்த்துப் படம் எடுத்து வருவோருக்கு, வயலில் பகை எது, துணை எது என்பது விளங்கும். தேவையற்ற தெளிப்பின் செலவு மிஞ்சும். தேவையான தெளிப்பும் காலந் தவறாது நடைபெறும்.