வேங்கையும் வைகையும்

சென்ற கோடை விடுமுறையில் நம் இல்லத்துக்கு வந்திருந்த பேத்தி, ஏழாம் வகுப்பு மாணவி, ஒரு வினா எழுப்பினாள். "பாட்டி, புலி மானைக் கொன்று தின்கிறது. அந்தப் புலியைக் காப்பாற்ற வேண்டும் என்று பள்ளியில் சொல்கிறார்கள். கொல்லுகிற பிராணியைக் காப்பது ஹிம்சைக்குத் துணை போவது ஆகாதா?" ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டுகள் அறிவியல் பாடம் கற்பிக்கும் முறையைப் போதித்த நமக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. நம் சமூகத்துப் பிள்ளைகள் வேறு சிலர் உள்ளத்திலும் இவ்வையம் இருக்கலாம் ஆதலின், அவளுக்குப் பின்னர்ச் சொன்னவற்றை ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக் கொள்வோம். நம் ஊர்ப்பக்கம் "புலி வந்துவிட்டது" என்று எழும் கூக்குரல் பெரும்பாலும் சிறுத்தையைக் குறித்ததே. சிறுத்தைக்கு உடலில் புள்ளிகள், புலிக்குக் கோடுகள். வேங்கை, உழுவை என்பன புலிக்கே உரிய பழம்பெயர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. சமணர் மலைக்கு அண்மையிலுள்ள கொங்கர் புளியங்குளம் குகைத்தளத்துக்கு மாணவியரை அழைத்துச் சென்றபோது, குறிப்பேட்டில் "புலியங்குளம்" என எழுதி வந்தவர் ஒருவர் இருவர் அல்லர். அங்கிருந்தது புளிய மரம். லகர ளகரம் பிழைத்தால் மரமும் விலங்காகிவிடும்!

புலி ஏன் இலை தழை தின்னவில்லை? தின்ன இயலாது என்பதே விடை. அதன் வாயில் பற்கள் 30. அவற்றுள் நம் கடைவாய்ப் பற்களைப்போல் அரைக்கும் பல் இல்லை. பற்றுவதற்கும் அறுப்பதற்குமே அமைந்தவை. பசுவுக்கு உள்ளதுபோன்ற அறைகள் கொண்ட இரைப்பையும் நீண்ட குடலும் அதற்கு இல்லை. பசியால் மடியும் நிலையிலும் அது புல்லைத் தின்று பிழைக்க முடியாது. மனிதருக்கு உணவில் தேர்வு உண்டு, புலிக்கு இல்லை. ஹிம்சை பற்றிய விசாரணையை இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

வேட்டையும் நாம் எண்ணுவதுபோல் எளிதன்று. பத்து முறை, சில வேளை இருபது முறை முயன்றால் ஒருமுறைதான் இரை கிட்டும். புலி நெடுந்தொலைவு துரத்தி ஓடும் விலங்கும் அன்று. பதுங்கி நெருங்கி, சில பாய்ச்சலில் பிடித்தால்தான் உண்டு. அதனாலேயே அதற்குப் புதரும் நெடும்புல்லும் வேண்டும். பளிச்சென்ற அதன் செம்மஞ்சள் நிறம் அதைக் காட்டிக் கொடுத்துவிடாதோ எனின், மானின் கண்ணுக்குச் செம்மஞ்சளும் பச்சையும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். பெரிய இரை கிடைத்தால் ஒரு வேளையில் 20 கிலோவுக்கு மேலும் தின்னும். மிச்சத்தை இலை சருகால் மூடி வைத்து அடுத்தடுத்த நாள்களில் வந்து தின்னும். வேடிக்கைக்காகக் கொன்று புகைப்படத்துக்கு நின்றவர்கள் ஜமீன்தார்களும் வெள்ளைத் துரைமார்களுமே.

இனி ஒரு சிறு கணக்கு. வளர்ந்த புலி ஒன்றுக்கு ஆண்டுக்கு மான் அளவுள்ள இரை சுமார் 50 வேண்டும். ஒரு காட்டிலுள்ள இரைவிலங்குகளில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு அளவே குறைந்தால்தான் பிறப்பினால் அக்குறை நிரம்பும். ஆகவே ஒரு புலி வாழ 500 கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி முதலியன அக்காட்டில் இருத்தல் வேண்டும். அந்த 500-க்கும் புல் வேண்டும், கோடையிலும் வற்றாத நீர் வேண்டும். ஒரு காட்டில் புலி குட்டி போட்டு வளர்க்கிறது எனில், அங்கே இத்தனையும் குறையாமல் உள்ளன என்று பொருள். கணக்குப் பாடத்தில் இதனை விகிதமாகவே போட்டுக் காட்டலாம்.

இதனால்தான் புலி தனித்து வாழ்கிறது. இரை மிகுந்த காட்டில் ஒரு பெண்புலிக்கு 20 சதுர கிலோமீட்டர் அளவும் போதும். இரை அரிதான, பனி மூடிய ருஷ்ய நாட்டுக் கிழக்குக் காடுகளில் சில நூறு சதுர கிலோமீட்டர் வேண்டியிருக்கிறது. ஆண்புலியின் எல்லை இன்னும் பெரிது. மரத்தில் நகத்தால் கீறியும், புதரில் சிறுநீர் தெளித்தும் எல்லையை அறிவித்துக் கொள்ளும். பெண்புலி சுமார் மூன்றரை மாதம் சுமந்து இரண்டு மூன்று குட்டிகளை ஈனும். கண் திறவாத அக்குட்டிகளை அது தனியாகவே வளர்க்கும். ஏறத்தாழ இரண்டு வயது வரை தாயிடமே வேட்டை பயின்று, பின்னர் ஒவ்வொன்றும் புதிய இடம் தேடிப் பிரிந்து செல்லும். ஒரு காட்டுக்கும் மறு காட்டுக்கும் இடையே வழி அடைபட்டால் இந்த இளம்புலி எங்கே போகும்? ஊருக்குள் வரும், அடிபடும்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் இது 51-ஆவது. தமிழ்நாட்டில் களக்காடு - முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம் ஆகியவற்றுக்குப் பின் ஐந்தாவது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டர். தேனி, விருதுநகர் மாவட்டங்களோடு நம் மதுரை மாவட்டத்துச் சாப்டூர்க் காடும் இதில் அடங்கும். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறும் மதுரை மக்கள் இக்காப்பகத்தின் வழியேதான் ஏறுகிறார்கள். பலர் இதனை அறியார்.

வைகை பிறப்பது இக்காப்பகத்துக்குள் அடங்கிய வருசநாட்டு மலைகளில். மேகமலைப் பக்கத்துச் சோலைகளும் புல்வெளிகளும் மழைநீரைச் சருகிலும் மண்ணிலும் தேக்கி, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. மரம் போன சரிவில் மழை ஒரே நாளில் செந்நீராய் ஓடி, மண்ணைக் கொண்டுவந்து 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் சேர்க்கும். வைகைக்கு இன்னொரு நீரும் வருகிறது. பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து 1895 முதல் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வரும் பெரியாற்று நீர் அது. அந்தப் பெரியாற்று ஏரியோ 1978 முதல் கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்துள் இருக்கிறது. ஆக, மதுரையில் நாம் காய்ச்சி வடிகட்டிப் பருகும் வைகை நீர் இரண்டு புலிக்காடுகளிலிருந்து வருவது. புலி நீரைச் சுரக்கவில்லை. ஆயினும் புலியின் பொருட்டுக் காக்கப்படும் காடே நீரைச் சுரக்கிறது. இதனைப் பேத்தியிடம் சொன்னபோது கையிலிருந்த குவளையைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தாள்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. வருசநாட்டுச் சரிவுகளில் காட்டைத் திருத்தி இலவமும் முந்திரியும் வைத்துத் தலைமுறையாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. மலைமாடு மேய்ப்போரும் இருக்கின்றனர். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மாடு மேய்ப்பதற்குத் தடை விதித்து, அம்மாதத்திலேயே அத்தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் அளவில் சுருக்கிற்று. மாடு மேய்ந்தால் மானுக்குப் புல் குறையும், கோமாரி முதலிய நோய் காட்டுமாடுகளுக்குத் தொற்றும் என்பது உண்மை. மேய்ப்பவர் வயிறும் உண்மை. குழாயைத் திறந்து நீர் பிடிக்கும் நாம் அவர்களை மட்டும் குறை கூறுவது எளிது. மாற்று நிலமும் மாற்றுத் தொழிலும் கொடாமல் "வெளியேறு" என்பது நம் மனத்துக்கு ஒப்பவில்லை.

எண்ணிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். 1972-இல் அடிச்சுவடு கொண்டு எண்ணியபோது நாட்டில் 1,827 புலிகள் என்றார்கள். 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று. சுவட்டுக் கணக்கு நம்பத்தக்கதன்று என்பது பின்னர் வெளிப்பட்டது. இராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் ஏட்டில் புலிகள் இருந்தன. 2005-இல் தேடிப் பார்த்தபோது காட்டில் ஒன்றும் இல்லை. கள்ளவேட்டைக்காரர் முடித்திருந்தனர். இப்போது தானியங்கிப் படக்கருவிகளைக் காட்டில் பொருத்தி எண்ணுகிறார்கள். நம் கைரேகைபோல் ஒவ்வொரு புலியின் கோடும் வெவ்வேறு. 2006-இல் நாட்டில் 1,411, தமிழ்நாட்டில் 76; 2022 கணக்கெடுப்பில் நாட்டில் 3,682, தமிழ்நாட்டில் 306. உலகத்துக் காட்டுப் புலிகளில் பெரும்பங்கு நம் நாட்டிலேயே உள்ளது.

நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறோம். நம் மாமியார் காலத்தில் குழந்தைகள் கழுத்தில் பொன் கட்டிய புலிநகம் அணிவிப்பார்கள். பயம் தெளியும் என்பது நம்பிக்கை. நம் மூத்த மகனும் அணிந்திருந்தான். சூரியன் மறையுமுன் உண்டு, நீரை வடிகட்டிப் பருகிய அந்த வீட்டில், இந்நகம் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. பின்னாளில் பொன்னை அழிக்கக் கொண்டுபோனபோது பத்தர் அதனைத் தேய்த்துப் பார்த்து, "அம்மா, இது மாட்டுக் கொம்பு" என்றார். புலியன்று என்று நிம்மதி கொள்ளவா, மாடு என்று வருந்தவா? மெய்யான புலிநகம் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அன்பர்கள் அறிய வேண்டும்.

பேத்தியின் வினாவுக்கு வருவோம். பகவான் மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய் இருந்தபோது முனிவர் உபதேசம் கேட்டு விரதம் ஏற்றார் என்ற வரலாற்றை நம் வீடுகளில் சொல்லுகிறோம். கொன்று தின்னும் விலங்கின் ஜீவனையும் இழிவாக எண்ணாத மரபு நம்முடையது. புலி தன் உணவுக்குக் கொல்வதை நாம் செய்யவில்லை, செய்விக்கவுமில்லை. கண்ணி வைப்பதும், வேலியில் மின்சாரம் பாய்ச்சுவதும், மாட்டின் சடலத்தில் நஞ்சு தடவுவதும் மனிதர் செய்வன. தோலையும் நகத்தையும் விலை கொடுத்து வாங்குவோர் அவற்றைச் செய்விப்பவர் ஆவர். இவ்வாறு சொன்னதும், "அப்படியானால் மான் பாவம் இல்லையா?" என்றாள். பாவந்தான் என்றோம். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. வெள்ளைத்தாளில் வைகையை வருசநாட்டிலிருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வரையுங்கள். வைகை அணை, மதுரை, உங்கள் ஊர் இவற்றைக் குறியுங்கள். பெரியாற்று நீர் வந்து சேரும் வழியை நீலத்தால் தீட்டுங்கள். இரு காப்பகங்களையும் பச்சையால் நிரப்புங்கள். பின்னர் உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் நீர் செலவாகிறது என்று எண்ணிப் படத்தின் ஓரத்தில் எழுதி, அடுத்த முறை நம்மைக் காணும்போது கொண்டு வாருங்கள்.