வலிக்காத கடி

இணுவில் போன்ற தோட்டக் கிராமங்களில் இரவில் இரை தேடி வீட்டுக்குள் வரும் பாம்புகளுள் மிகவும் ஆபத்தானது எட்டடி விரியன். கட்டுவிரியன் என்பதும் இதுவே. நிலத்தில் பாய் விரித்து உறங்குவோரையே பெரும்பாலும் தீண்டும். கடிவாயில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. ஏதோ பூச்சி கடித்ததென்று பலர் மீண்டும் உறங்கிவிடுவர். சில மணி நேரத்தில் வயிறு வலிக்கும், கண்ணிமை சோரும், பின்னர் மூச்சுத் திணறும்.

ஆகவே, மாணவியரே, சந்தேகம் வந்தாலே போதும், வலிக்காகக் காத்திராதீர்கள். கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அதிகம் அசையவிடாமல் உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உறங்குமுன் படுக்கையைத் தட்டிவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். அத்துடன் நுளம்பு வலையைக் கட்டி, அதன் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்வோம்.