மார்கழிப் பனியை நம்பி அண்டாவை மூடிவைக்காதீர்கள்!

அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று அடுத்தடுத்து வீட்டில் விருந்து. இந்த நாட்களில் நம்மை ஏமாற்றுவது பனிதான். "மார்கழி மாசம், எதுவும் ஊசாது" என்று மிஞ்சியதை வெளியிலேயே வைத்துவிடுகிறோம். சென்னையில் மார்கழி இரவில்கூட வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் எந்த வெப்பத்தில் வைத்தாலும் கிருமிகள் பெருகும்.

1. மிஞ்சிய பிரியாணியை அண்டாவிலேயே விடாதீர்கள். ஒரு கிறிஸ்துமஸ் இரவு, அசதியில் மட்டன் பிரியாணியை அண்டாவோடு மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டோம். காலையில் தொட்டால் அண்டா சில்லென்று இருந்தது. நடுவில் கரண்டியை விட்டுக் கிளறினால், உள்ளே இன்னும் வெதுவெதுப்பு! ராத்திரி முழுக்க கிருமிக்கு இதமான சூடு. வாசனையில் குறையே இல்லை, ஆனாலும் கொட்டிவிட்டோம். அரிசியோடு வரும் 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் வித்துகள் சோறு வெந்தாலும் சாவதில்லை. மெல்ல ஆறும் சோற்றில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. ஆகவே சமைத்த 2 மணி நேரத்துக்குள், அகலமான தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஆறவிட்டு, ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

2. கறிக்குழம்புக்கும் இதே கதைதான். சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய தாம்பாளத்தில் உட்காரவைத்தால் சீக்கிரம் ஆறும். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்துத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சுடவைக்க வேண்டாம்.

3. ஃப்ரீசரில் இருக்கும் கறியைச் சமையல் மேடையில் வைத்து இளக்காதீர்கள். மேல்பாகம் இளகி நெடுநேரம் ஆகியும் நடுப்பாகம் கல்லாக இருக்கும். முதல் நாளே எடுத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில், விளிம்பு உயர்ந்த பாத்திரத்தில் வையுங்கள். மசாலா தடவி ஊறவைப்பதும் ஃப்ரிட்ஜுக்குள்தான்.

4. கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவினால், தெறிக்கும் நீரோடு கிருமியும் பக்கத்தில் இருக்கும் கொத்தமல்லி, வெங்காயம் மேலெல்லாம் விழும். கழுவாமல் மனம் ஒப்பவில்லையா? பாத்திரத்தில் தண்ணீர் வைத்து மெதுவாக அலசுங்கள். பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமியைக் கொல்வது மஞ்சள்தூள் அல்ல, அடுப்புச் சூடுதான். எலும்பை ஒட்டிய சதையில் இளஞ்சிவப்பு தெரிந்தால் இன்னும் வேகவையுங்கள்.

5. பண்டிகை நாளில் ஃப்ரிட்ஜை இடைவெளி இல்லாமல் நிரப்பாதீர்கள். குளிர்காற்று சுற்ற இடம் வேண்டும். பச்சைக் கறி எப்போதும் கீழே, சமைத்தது மேலே.

6. பிளம் கேக் வெளியில் தாங்கும். ஃபிரெஷ் கிரீம் கேக் தாங்காது. புத்தாண்டு நள்ளிரவில் கேக்கை வெட்டியதும் மீதியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வாழ்த்துச் சொல்லக் கிளம்புங்கள். முட்டை சேர்த்த பச்சைக் கேக் மாவை விரலால் வழித்து நக்கக் குழந்தைகளை விடாதீர்கள்.

7. முறுக்கு, கல்கல், அதிரசம் எல்லாம் நன்றாக ஆறிய பிறகே டப்பாவுக்குப் போகட்டும். சூட்டோடு மூடினால் வியர்த்து, பூசணம் பிடிக்கும். எண்ணெய் வடிக்கச் செய்தித்தாள் கூடவே கூடாது. அச்சுமை பலகாரத்தில் ஒட்டும் என்பதால், உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பேக்கேஜிங் விதிமுறைகளே தடை செய்கின்றன.

8. பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கும் நிலக்கடலையைப் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூசணத்தின் அஃப்ளாடாக்சின் நஞ்சு, வறுத்தாலும் முழுதாக அழியாது, கல்லீரலைக் கெடுக்கும்.

9. காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறு கட்டினால் புளியோதரைதான் நல்லது. புளியும் நல்லெண்ணெயும் இருப்பதால் மற்றதைவிட அதிக நேரம் தாங்கும். அதற்கும் சோற்றை நன்றாக ஆறவைத்தே கிளற வேண்டும். தேங்காய்ச் சட்னி வேண்டாம்; வெயில் ஏறுவதற்குள் ஊசிவிடும். தொட்டுக்கொள்ள ஊறுகாயோ பருப்புப் பொடியோ போதும்.

10. இத்தனைக்குப் பிறகும் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால், முதலில் நீர்ச்சத்து குறையாமல் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கையில் இல்லையென்றால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, மடக்கு மடக்காகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டுபோவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், பண்டிகை நாளாயிற்றே என்று தயங்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.