நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்?

அன்புள்ள தங்கைக்கு,

எடை குறைப்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியனாகச் சேர்ந்த முதல் மாதமே சலித்துக்கொண்டாய். "சார்ட் போட்டுக் கொடுக்கிறேன் அக்கா, தலையாட்டிட்டுத்தான் போறாங்க. அடுத்த தடவை வந்தா ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேங்கிறாங்க." சார்ட்டை நானும் பார்த்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நீ எல்லாரிடமும் முதலில் கேட்பது, "டயட்டெல்லாம் கரெக்டா ஃபாலோ பண்றீங்களா?" என்று. பரீட்சை ஹாலில் கேட்பதுபோல் கேட்டால் பரீட்சைப் பதில்தான் வரும்: "பண்றேன் மேடம்."

அதை விட்டுவிட்டு, "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுப் பார். பிறகு, யார் பரிமாறினார்கள், சாப்பிட்டு முடிக்க எவ்வளவு நேரமாச்சு, தண்ணீர் எப்போது குடித்தார், தட்டில் மிச்சம் இருந்ததா என்று ஒவ்வொன்றாகப் போ. நேற்று ராத்திரியைப் பற்றிப் பொய் சொல்ல ஆளுக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

ஸ்லீவ் ஆபரேஷன் ஆகி நாலாவது மாதத்தில் ஓர் அம்மா வந்தார். "முட்டை ஒத்துக்கவே மாட்டேங்குது, நெஞ்சுலயே நிக்குது" என்றார். அப்படியானால் எதுதான் இறங்குகிறது என்று கேட்டேன். மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "முறுக்கு இறங்குது. மிக்சர்கூட இறங்குது" என்றார். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மா பொய் சொல்லவில்லை, அவர் வயிறு அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் குழாய் ஒரு காபி டம்ளர் அளவு கொள்ளும், 100 முதல் 150 மில்லி. அதில் இறுகிப்போன வேகவைத்த முட்டையும் காய்ந்த சிக்கனும் நிற்கத்தான் செய்யும். வாயிலேயே பொடிந்து கரைகிற முறுக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்த உணர்வையும் தராது. நல்ல சாப்பாடு உள்ளே போக மறுக்கிறது, வேண்டாதது சுலபமாகப் போகிறது. நம் வேலையின் பாதிச் சிரமம் இதில்தான் இருக்கிறது. சிலர் சொல்கிற "மன உறுதி இல்லை" என்ற வார்த்தையை நீ இந்த அறைக்குள் கொண்டுவராதே.

அந்த அம்மாவுக்கு முட்டையை நிறுத்தவில்லை. நெய் அதிகம் இல்லாமல், ஈரப்பதம் போகாமல் பொடிமாஸாகக் கிளறி, சின்ன ஸ்பூனில், அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு சாப்பிடச் சொன்னேன். மறுவாரமே இறங்கியது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்று நாம் எழுதிக் கொடுக்கிறோம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராமுக்குப் பக்கம். "மெத்துனு இருக்கு, ஜீரணமாகும்" என்று மூன்று வேளையும் இட்லியே கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீயே போட்டுப் பார். நம் தட்டில் சோறு நடுவில் இருக்கும், கூட்டும் பருப்பும் ஓரத்தில். இவர்களுக்கு அது இடம் மாற வேண்டும். முதலில் முட்டை, மீன், பனீர், கெட்டிப் பருப்பு, நன்றாக வெந்து மசிந்த சுண்டல், அப்புறம் காய், இடமிருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. தண்ணீர் நாளைக்கு ஒன்றரை லிட்டராவது, மடக்கு மடக்காக, ஆனால் சாப்பாட்டோடு வேண்டாம். சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான்.

இனி நான் சொல்லப்போவதை மட்டும் மறக்காதே. வாந்தி. "அப்பப்ப வருது மேடம்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அப்பப்ப என்றால் வாரத்துக்கு எத்தனை நாள், நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வாரமாக என்று விடாமல் கேள். தயாமின் என்கிற பி1 வைட்டமின் உடம்பில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கையிருப்பு. விடாமல் வாந்தியெடுக்கிறவருக்கு அது தீர்ந்துபோனால் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். உடனே கவனிக்காவிட்டால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு. நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் கூடச் சேர்கிறது. சோர்வாக இருக்கிறது என்றதும் தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். தயாமின் இல்லாத உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் நிலைமை மோசமாகலாம். முதலில் தயாமின் போக வேண்டும். அதனால் "எங்கேயாவது ட்ரிப் போட்டுக்கிட்டீங்களா?" என்பதும் உன் கேள்விகளில் ஒன்றாக இருக்கட்டும். ஆமாம் என்றால் சார்ட்டை மூடிவைத்துவிட்டு அப்போதே டாக்டரைக் கூப்பிடு.

மாத்திரை விஷயமும் இப்படித்தான். "சாப்பிடுறீங்களா?" என்று கேட்காதே, "எதோடு சாப்பிடுறீங்க?" என்று கேள். காலைக் காபியோடு இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்குகிறவர்கள் நிறைய. காபி இரும்பை உடம்பில் ஏறவிடாது, கால்சியமும் அதற்குக் குறுக்கே நிற்கும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும். பி12 வேறு மாதிரி. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் மாத்திரையை நிறுத்தினாலும் ஒன்றிரண்டு வருஷம் எதுவும் தெரியாது, அப்புறம் கால் மரமரப்பு ஆரம்பிக்கும். சர்க்கரை நோயாளியாக இருந்தவர் "அது சுகர்னால" என்று தானே தீர்ப்பு எழுதிக்கொள்வார். மெட்ஃபார்மினும் பல வருஷம் சாப்பிட்டிருந்தால் பி12 இன்னும் குறைந்திருக்கும். மரமரப்பு என்ற வார்த்தை காதில் விழுந்தால் ரத்தப் பரிசோதனைக்கு எழுதச் சொல்.

முடி கொட்டுவதுதான் எல்லாரும் அழுதுகொண்டே சொல்வது. மூன்றாவது மாதம் முதல் ஆறாவது மாதம் வரை கொட்டும், புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவைத்துவிடு.

பெண்களிடம் பேசும்போது கூட வந்தவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல். புகுந்த வீட்டில் பாதிப் பேருக்கு ஆபரேஷன் விஷயமே தெரியாது. பித்தப்பைக் கல்லுக்குப் பண்ணினது என்று சொல்லிவைத்திருப்பார்கள். வயிற்றில் இருக்கிற சின்னச் சின்னத் தழும்பும் அதேபோலத்தான் இருக்கும். அப்புறம் கல்யாணப் பந்தியில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து இலையில் இன்னொரு கரண்டி போடும்போது எதைச் சொல்லித் தடுப்பது? குறைவாகச் சாப்பிடுவது நம் வீடுகளில் கோபமாகவோ நோயாகவோதான் பார்க்கப்படும். யாரிடம் சொல்லலாம், யாரிடம் வேண்டாம் என்பதை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று மட்டும் நான் கேட்டுக்கொள்வேன். கர்ப்பம் பற்றியும் தனியாகத்தான் பேச முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போட வேண்டும். எடை இறங்க இறங்க, பிசிஓடி இருந்தவர்களுக்கு மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் தரித்துவிடுவதும் உண்டு. இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரையை நம்பி இருக்க முடியாது. வேறு வழிக்கு மகளிர் மருத்துவரிடம் அனுப்பு.

பைபாஸ் என்றால் ஊரில் எல்லாருக்கும் இதயம்தான். இரைப்பை பைபாஸ் செய்த ஒருவர் விசேஷ வீட்டில் பாயசம் குடித்த அரைமணிக்குள் வியர்த்து, படபடத்து உட்கார்ந்துவிட்டால், "பைபாஸ் பண்ணினவரு" என்று தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஈசிஜி எடுப்பதில் தப்பில்லை. ஆனால் சர்க்கரை சட்டென்று குடலில் இறங்கினால் இப்படி வரும் என்று அங்கிருக்கும் டாக்டருக்குத் தெரிய வேண்டுமே. என்ன ஆபரேஷன், எந்தத் தேதி, எந்த வலி மாத்திரைகள் கூடாது என்று ஒரு சின்ன அட்டையில் எழுதிப் பர்ஸில் வைக்கச் சொல். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகையறா, பைபாஸ் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். சிகரெட்டும் அப்படியே. குடியைப் பற்றி ஆண்களிடம் நேராகவே கேள். பைபாஸுக்குப் பிறகு பழைய அளவில் பாதி குடித்தாலே போதை சட்டென்று ஏறும். முதல் வருஷம் பயந்து ஒதுங்கியிருந்தவர் இரண்டாம் வருஷம் சாப்பாடு இருந்த இடத்தில் பாட்டிலை வைத்துவிடுவது உண்டு. முகம் சுளிக்காமல் கேட்டால் சொல்வார்கள்.

கடைசியாக, வராமல் போகிறவர்கள். எடை ஒன்று முதல் இரண்டு வருஷத்துக்குள் அடிமட்டத்தைத் தொடும், அப்புறம் கொஞ்சம் ஏறுவது சகஜம். ஏறத் தொடங்கியதும் வெட்கப்பட்டு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். கிலோவோடு சேர்ந்து ஹீமோகுளோபினும் பி12-ம் வைட்டமின் டி-யும் யாரும் பார்க்காமல் கிடக்கின்றன. நம் பிரிவில் எடை மெஷின் வராந்தாவில் எல்லாரும் பார்க்க இருக்கிறது. அதை உன் அறைக்குள் மாற்றச் சொல்லி எழுதிக் கொடு. நானும் கையெழுத்துப் போடுகிறேன். திரும்பி வருகிறவரை வந்தவுடனே அதில் ஏற்றாதே. புதிதாக ஸ்டீராய்டோ இன்சுலினோ மனநல மருந்தோ ஆரம்பித்தாரா, தூக்கம் எப்படி, வீட்டில் என்ன நடந்தது என்று முதலில் கேள். டாக்டரிடம் வழி இருக்கிறது. தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி, ஊசி மருந்துகள், மறு ஆபரேஷன் வரைக்கும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய். ஒரு வருஷத்துக்கு மேலாக வராதவர்களின் பட்டியலை ஃபைலிலிருந்து எடுத்து, தினம் மதியம் இரண்டு பேருக்குப் போன் போடு. எடை பற்றிப் பேச்செடுக்காதே. வருஷாந்திர ரத்தப் பரிசோதனைக்கு நாள் தாண்டிவிட்டது, சனிக்கிழமை காலை வெறும் வயிற்றில் வந்தால் கூட்டம் இருக்காது என்று சொல். யார் போனை எடுத்தாலும் எந்தப் பிரிவிலிருந்து என்று சொல்லிவிடாதே, ஆஸ்பத்திரியிலிருந்து என்றால் போதும்.

அன்புடன்,
அக்கா