அலுமினியத்தின் விலை எங்கே பிறக்கிறது?

பலசரக்குக் கடையின் ஒரு பக்கத்தில் பாத்திரமும் அடுக்கி விற்கும் உறுப்பினர்கள் நம் சங்கத்தில் பலர் இருக்கிறார்கள். குண்டான், தேக்சா, இட்லிப் பானை எல்லாம் எடைக்குத்தான் வாங்குகிறோம். "போன மாசம் ஒரு விலை, இந்த மாசம் ஒரு விலை, என்ன கணக்கு அண்ணாச்சி?" என்று பெரம்பலூரில் என் மொத்தக் கடைக்கு வரும் சில்லறை வியாபாரிகள் கேட்பதுண்டு. அந்தக் கணக்கை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றேன்.

2008ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் விலை உச்சத்தில் இருந்தபோது, இன்னும் ஏறும் என்று நம்பிச் சரக்கு எடுத்தேன். ஐப்பசிக்குள் இறங்கிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மேட்டூர் மால்கோ ஆலையில் உலோகம் எடுப்பதை நிறுத்துகிறார்கள் என்ற செய்தி வந்தது. தமிழ்நாட்டில் அலுமினியம் எடுக்கும் ஒரே ஆலை நின்றால் தட்டுப்பாடு வரும், விலை ஏறும் என்று கணக்குப் போட்டு, பொங்கலுக்காக மறுபடியும் வாங்கினேன். விலையோ மேலும் இறங்கியது. தை பிறந்தபோது கிடங்கு நிறையச் சரக்கு இருந்தது, வாங்கிய விலைக்குக் கேட்பாரில்லை.

நான் பார்த்தது மேட்டூரை. விலை பிறந்ததோ லண்டனில். அலுமினியத்தின் விலை லண்டன் உலோகச் சந்தையில் டாலர் கணக்கில் முடிவாகிறது. 2008 ஜூலையில் டன் 3,200 டாலருக்கு மேல் இருந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் 1,500க்குக் கீழே வந்துவிட்டது. டாலரின் ரூபாய் மதிப்பு அப்போது ஏறியதால் நமக்கு அடி சற்றுக் குறைந்தது, அவ்வளவே. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலை நின்றால் சுற்று வட்டாரத்தில் விலை அசையும். மூட்டையின் கனத்துக்கு மதிப்புக் குறைவு, வெகுதூரம் கொண்டுவந்தால் லாரி வாடகையே தின்றுவிடும். அலுமினியம் அப்படியல்ல. ஒடிசாவிலிருந்தும் சத்தீஸ்கரின் கோர்பாவிலிருந்தும் தாராளமாக வரும். கப்பலிலும் வரும்.

சரி, ஓர் ஆலை நிலைப்பதும் நிற்பதும் எதனால்? பெரும்பாலும் மின்சாரத்தால். ஏறக்குறைய 4 டன் பாக்சைட் மண்ணிலிருந்து 2 டன் அலுமினா என்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். அதிலிருந்து 1 டன் உலோகம். மால்கோவுக்கு மண் நம் பக்கத்துக் கொல்லிமலையிலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் போனது. பொடியை உலோகமாக்கும் வழியை 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் ஹெரூவும், ஒருவரையொருவர் அறியாமலே கண்டுபிடித்தார்கள். இருவருக்கும் அப்போது வயது 22தான்! அலுமினா தானே உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகிய கிரையோலைட் என்ற உப்பில் கரைத்தால் 960 டிகிரி அளவில் காரியம் முடிகிறது. அந்தத் தொட்டியில் மின்சாரம் பாய்ச்சினால் உலோகம் அடியில் தங்கும். டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் செலவு. அதாவது நாம் விற்கும் ஒரு கிலோ குண்டானுக்குள் 14 யூனிட் மின்சாரம் அடங்கியிருக்கிறது.

தொட்டியில் நான்கு வோல்ட்டுக்குச் சற்று மேலேதான் அழுத்தம். ஆனால் ஓடும் மின்னோட்டம் லட்சம் ஆம்பியர் கணக்கில். பொடி குறைந்துபோனால் அழுத்தம் திடீரென்று 30 வோல்ட்டுக்கு மேல் குதிக்கும், மின்சாரம் வெறும் சூடாக வீணாகும். பொடி அதிகமானால் கரையாமல் அடியில் சேறாகப் படியும். இப்படிப்பட்ட கூடத்தில் வேலை பார்த்த என் உறவினர் ஒருவர், அழுத்தம் குதித்ததும் பச்சை மரக் கழியைத் தொட்டிக்குள் விட்டுக் கிளறி அடக்குவோம் என்பார். இப்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு தொட்டியின் மின்தடையையும் இடைவிடாமல் பார்த்து, ஓரிரு கிலோவாகப் பொடியை இறக்குகிறது. பசிக்கிற அளவுக்குச் சோறு போடுவது போல.

இந்தக் கட்டுப்பாட்டைச் சொல்லிக் கொடுக்கத் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. உலோகத்துக்குப் பேர்போன கம்பெனிகளே இந்த ஆலோசனையைத் தனி வியாபாரமாகச் செய்கின்றன. வந்து உட்கார்ந்து பேசுவதற்கு இவ்வளவு பணமா என்று முதலில் எனக்கும் தோன்றியது. கணக்கைப் பாருங்கள்: தொட்டியின் அழுத்தத்தில் 0.1 வோல்ட் குறைத்தால் டன்னுக்கு 300 யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆண்டுக்கு 10,000 டன் எடுக்கும் சிறிய ஆலையிலேயே 30 லட்சம் யூனிட். ஆலோசகரின் கூலி அதில் ஒரு துளி. நம் தராசில் தினமும் பத்துக் கிராம் கூடுதலாகப் போவதை யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் கூலி கொடுக்க மாட்டோமா?

ஆனாலும் ஆலோசகரால் மின்சாரத்தை உண்டாக்க முடியாது. சில மணி நேரம் மின்சாரம் நின்றால் தொட்டி உறைந்துவிடும், மீட்பது பெரும் செலவு. 1965இல் இத்தாலியர் தொழில்நுட்பத்தோடு உற்பத்தி தொடங்கிய மால்கோ, பிற்காலத்தில் நலிந்து, 1995இல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போயிற்று. அதன்பின் சொந்த அனல் மின்நிலையமும் கட்டினார்கள். ஒடிசா ஆலைகளுக்கோ நிலக்கரியும் பாக்சைட்டும் அதே மாநிலத்திலேயே உண்டு.

கொள்முதலில் இப்போது நான் செய்வது இதுதான். பாத்திரப் பட்டறையில் மொத்தமாகக் கிலோ விலை கேட்பதில்லை. உலோக விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேட்கிறேன். கூலி சீக்கிரம் மாறாது, உலோகம் மாறும். பண்டிகைக்கு வேண்டியதை ஒரே நாளில் எடுக்காமல் மூன்று தவணையாக எடுக்கிறேன். ஒவ்வொரு பில்லின் மேலும் அன்றைய லண்டன் விலையையும் டாலர் விலையையும் பென்சிலால் குறித்து வைக்கிறேன்.

பழைய பாத்திரம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழையதை உருக்கப் புதிதுக்கு ஆகும் மின்சாரத்தில் 5 சதவீத அளவே போதும். அதனால்தான் அதற்கு எப்போதும் கிராக்கி. இரும்புப் பிடியையும் ஆணியையும் கழற்றிவிட்டு எடை போடுங்கள். கரி பிடித்த அடியைச் சுரண்டிவிட்டு வரச் சொன்னால் வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார், அதற்கு மட்டும் கொஞ்சம் கழிவு வைத்துக்கொள்வது நல்லது.