பூட்டு வலிமையானது, சாவி எங்கே?

மாணவர்களே, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள ஒரு கிளினிக்கைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கு வேலை செய்யும் ஒருவர் மாலையில் தாமான் ஜெயா நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறுகிறார். இறங்கும் அவசரத்தில் அலுவலக மடிக்கணினியை இருக்கையிலேயே விட்டுவிடுகிறார். அதில் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், நோய் விவரம் எல்லாம் உள்ளன. மடிக்கணினியைச் சில ஆயிரம் ரிங்கிட்டில் மீண்டும் வாங்கிவிடலாம். வெளியே போன விவரங்களைத் திரும்பப் பெற முடியுமா?

"கணினியைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டுமே!" என்று நீங்கள் சொல்லலாம். அது மட்டும் போதாது. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் கோப்புகளை நேராகப் படித்துவிடலாம். இதைத் தடுப்பதுதான் முழு வன்தட்டு மறையாக்கம்.

மறையாக்கம் எப்படி நடக்கிறது?

வன்தட்டில் எழுதப்படும் ஒவ்வொரு தரவும் ஒரு சாவியால் புரியாத எழுத்துக் குவியலாக மாற்றப்படுகிறது. படிக்கும்போது அதே சாவி அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. இதற்குப் பெரும்பாலும் ஏ.இ.எஸ். என்ற முறை பயன்படுகிறது. பெல்ஜிய நாட்டு அறிஞர்கள் இருவர் உருவாக்கிய இம்முறையை அமெரிக்கா 2001இல் தன் தரமாக ஏற்றது.

128 பிட் சாவி என்றால் இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கை ஒரு 39 இலக்க எண். ஒரு பில்லியன் கணினிகள், ஒவ்வொன்றும் நொடிக்கு ஒரு பில்லியன் சாவிகளைச் சோதித்தாலும், எல்லாவற்றையும் சோதித்து முடிக்க 10 டிரில்லியன் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 13.8 பில்லியன் ஆண்டுகள்தான்.

இந்தச் சாவியை மனிதரால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே அதுவும் கணினியிலேயே பூட்டி வைக்கப்படுகிறது. அந்தச் சிறு பூட்டைத் திறப்பது நம் கடவுச்சொல். அது நான்கு இலக்க எண்ணாக இருந்தால் 10,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம். திருடன் பெரிய பூட்டைத் தொடமாட்டான். சாவி இருக்கும் இடத்தைத்தான் தேடுவான்.

மைய நிர்வாகம் எதற்கு?

முந்நூறு மடிக்கணினிகள் உள்ள ஒரு நிறுவனத்தில் யாராவது தினமும் கடவுச்சொல்லை மறப்பார். ஆகவே எல்லாக் கணினிகளின் மீட்புச் சாவிகளையும் ஒரே சேவையகத்தில் வைத்து நிர்வகிக்கிறார்கள். எந்தக் கணினி மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது, எது செய்யப்படவில்லை என்பதையும் அங்கிருந்தே பார்க்கலாம்.

வசதியோடு ஆபத்தும் வருகிறது. அந்தச் சேவையகத்துக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால் முந்நூறு சாவிகளும் அவன் கையில். சேவையகமே முடங்கினால் என்ன ஆகும்? 19 ஜூலை 2024 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் நாட்டில் ஏர் ஆசியாவின் பயணப் பதிவும் பாதிக்கப்பட்டது. உலகின் பல நிறுவனங்களில், கணினியைச் சரிசெய்ய பிட்லாக்கர் மறையாக்கத்தின் 48 இலக்க மீட்புச் சாவி தேவைப்பட்டது. அந்தச் சாவிகளை வைத்திருந்த சேவையகமும் முடங்கிய இடங்களில் வேலை இரட்டிப்பானது.

யார் சோதிப்பது?

"எங்கள் மென்பொருள் பாதுகாப்பானது" என்று விற்பவர் சொன்னால் போதுமா? போதாது என்பதால்தான் 'பொது அளவுகோல்' என்ற அனைத்துலகத் தரம் வந்தது. மலேசியாவில் இத்திட்டத்தைச் சைபர் செக்யூரிட்டி மலேசியா நடத்துகிறது. 2007இல் இந்த அனைத்துலக உடன்பாட்டில் சேர்ந்த மலேசியா, 2011 முதல் மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் சான்றிதழை வழங்கும் தகுதியைப் பெற்றது. ஆய்வுக்கூடம் பொருளைச் சோதிக்கும். சான்றளிப்புப் பிரிவு அந்த ஆய்வைச் சரிபார்த்துச் சான்றிதழ் தரும்.

வன்தட்டு மறையாக்கத்துக்கான தரம் வேலையை இரண்டாகப் பிரிக்கிறது: கடவுச்சொல்லைப் பெற்றுச் சாவியை விடுவிக்கும் பகுதி ஒன்று, தரவை மறையாக்கும் பகுதி மற்றொன்று. மைய நிர்வாகத்துக்குத் தனி இணைப்பும் உண்டு. ஆய்வாளர்கள் கேட்கும் கேள்விகளில் சில: சாவி போதிய அளவு ஊகிக்க முடியாததா? தவறான கடவுச்சொல்லை எத்தனை முறை முயலலாம்? பயன்படுத்திய சாவி நினைவகத்திலிருந்து அழிக்கப்படுகிறதா? சேவையகத்துக்கும் மடிக்கணினிக்கும் இடையே போகும் செய்தி பாதுகாக்கப்படுகிறதா?

இவை வெறும் கேள்விகள் அல்ல என்பதை மூன்று நிகழ்வுகள் காட்டுகின்றன.

2008: கணினியை அணைத்த பிறகும் நினைவகத்தில் சாவி சில நொடிகள் தங்குகிறது, குளிரூட்டினால் இன்னும் நேரம் நீள்கிறது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் குழு காட்டியது.

2010: அமெரிக்க அரசின் சான்றிதழ் பெற்ற சில விரலிகளை ஒரு ஜெர்மானிய நிறுவனம் திறந்துகாட்டியது. கடவுச்சொல் எதுவானாலும், அது சரி என்றால் கணினியிலிருந்து விரலிக்குப் போன செய்தி ஒன்றே. அதை மட்டும் அனுப்பினால் போதும். ஏ.இ.எஸ். மறையாக்கத்தில் குறை எதுவும் இல்லை.

2018: நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தாமே மறையாக்கம் செய்யும் வன்தட்டுகளை ஆராய்ந்தனர். சிலவற்றில் கடவுச்சொல்லுக்கும் சாவிக்கும் தொடர்பே இல்லை.

மூன்றிலும் பூட்டு உடையவில்லை. சாவியைக் காத்த விதம்தான் தவறு. ஆகவே ஒரு சான்றிதழைப் பார்த்தால், "எந்தப் பகுதியைச் சோதித்தார்கள்? எந்தப் பதிப்பை?" என்று கேளுங்கள். சான்றிதழ், கேட்கப்பட்ட கேள்விகளுக்கு மட்டுமே பதில். அதில் உள்ள 1 முதல் 7 வரையிலான நிலைகளும் எவ்வளவு ஆழமாகச் சோதித்தார்கள் என்பதையே சொல்கின்றன.

அந்தக் கிளினிக் மடிக்கணினிக்கு வருவோம். அது மறையாக்கம் செய்யப்பட்டு, நீண்ட கடவுச்சொல்லுடன், முழுமையாக அணைக்கப்பட்டிருந்தால் கிளினிக்குக்கு இழப்பு மடிக்கணினி மட்டுமே. உறக்க நிலையில் மூடப்பட்டிருந்தால் சாவி இன்னும் நினைவகத்தில் இருக்கலாம். இன்றிரவு உங்கள் மடிக்கணினியை வெறுமனே மூடுவீர்களா, அணைப்பீர்களா?

சிந்திக்க

1. எட்டு இலக்க எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தால் எத்தனை வாய்ப்புகள் உள்ளன?
2. மீட்புச் சாவியைத் தாளில் எழுதி மடிக்கணினிப் பையிலேயே வைத்தால் என்ன தவறு?
3. உங்கள் பள்ளிக் கணினிகளின் மீட்புச் சாவிகளை நீங்கள் நிர்வகித்தால் அவற்றை எங்கு வைப்பீர்கள்? எத்தனை பேரிடம் கொடுப்பீர்கள்? காரணம் கூறுங்கள்.