இரவல் எதிர்ப்பாற்றலின் பக்கவிளைவுகள்

தொற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது சுங்கை பூலோ மருத்துவமனை. எந்த மருத்துவமனையிலும் நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி தாதியர் விரலில் குத்திவிடும் ஆபத்து உண்டு. அந்த ரத்தத்தில் ஹெப்படைட்டிஸ் பி கிருமி இருந்து, தாதிக்கு எதிர்ப்பாற்றல் இல்லாவிட்டால்?

தடுப்பூசி போட்டாலும் உடல் சொந்தமாக எதிர்ப்பொருள் தயாரிக்க வாரக்கணக்கில் ஆகும். கிருமி அதுவரை காத்திருக்காது. எனவே, பிறர் தானம் செய்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளை, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள், தசையில் செலுத்துவார்கள். இதுவே ஹெப்படைட்டிஸ் பி இம்யூனோகுளோபுலின். தடுப்பூசியும் உடலின் வேறோர் இடத்தில் போடப்படும். தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கும் இவ்விரண்டும் உண்டு.

ஊசி போட்ட இடம் வலிக்கலாம், சிவந்து வீங்கலாம். தலைவலி, லேசான காய்ச்சல், உடல்வலியும் வரலாம். இவை பெரும்பாலும் தாமாகவே தணியும். மூச்சுத்திணறல், முகவீக்கம், மயக்கம் வந்தால் அது கடுமையான ஒவ்வாமை. உடனடிச் சிகிச்சை தேவை. மிக அரிதுதான். ஆனாலும் மருந்து இன்னொருவரின் புரதமாயிற்றே! ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் பிறவியிலேயே இல்லாத சிலரின் உடல், மருந்தில் சிறிதளவு கலந்துள்ள ஐஜிஏவை அந்நியனாகக் கருதித் தாக்கக்கூடும்.

இன்னொன்று வியப்பானது. தானம் செய்தவர்களின் தட்டம்மை எதிர்ப்பொருளும் மருந்தோடு வந்துவிடும். அது தட்டம்மைத் தடுப்பூசியிலுள்ள வலுவிழந்த கிருமியை முடக்கிவிடலாம். அதனால் அந்தத் தடுப்பூசிக்கு மூன்று மாத இடைவெளி விடுவார்கள்.

இரவல் எதிர்ப்பொருள் சில மாதங்களில் கரைந்துவிடும். தடுப்பூசியால் உடல் கற்றுக்கொண்டது நீண்டகாலம் நிற்கும். மலேசியாவில் குழந்தைகளுக்கு 1989 முதல் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. உங்கள் குழந்தைப்பருவ மருத்துவப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள், முதல் ஊசி பிறந்தவுடனேயே போடப்பட்டிருக்கும்.